வலப்பக்கத்து ஆந்தை

மணி ஆறு பத்து. ஏழு மணிக்கு லாரி வரும் என்று தவசிக்கனி சொல்லியிருக்கிறார். மரம் வெட்டும் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி, ஏழு என்று சொன்னால் ஆறு ஐம்பதுக்கு வந்து நிற்கிறவர். அதற்குள் இந்த ஆந்தையை நான் பார்த்துவிட வேண்டும். கேட்டால் போதாது, பார்க்க வேண்டும். வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறேன், மாசியில் பதினொரு நாள் உட்கார்ந்து பறவைக் குரல்களை நோட்டில் குறித்த அதே இடம், அதே மாதிரி மலையைப் பார்த்து. சிமெண்டின் ஈரம் சேலையைத் தாண்டி ஏறுகிறது. வலது பக்கம் முப்பது தப்படி நடந்தால் பதினேழாம் மரம். இடது பக்கம் முப்பது தப்படி நடந்தால் இருபத்திரண்டாம் மரம். இரண்டும் மருதம், இரண்டிலும் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பொந்து, இரண்டு பொந்தும் ஒரு குழந்தையின் கை நுழைகிற அளவு. நடுவில் நிற்கிற நான்கும் புளிய மரங்கள், அவற்றில் பொந்து கிடையாது. சாலையை அகலப்படுத்துவதற்காக நாற்பத்தொரு மரங்கள் போகின்றன. கூடு இருக்கிற ஒன்றை மட்டும் குஞ்சு பறக்கும்வரை விட்டுவைக்கிறோம் என்று சாலை அதிகாரி ஒத்துக்கொண்டார், ஒன்றுதான், அதற்குமேல் கேட்காதீர்கள் என்றார், எந்த மரம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். நான் பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஞானதீபம், விலங்கியல் ஆய்வுக்கூட உதவியாளர். பதினேழில் சிவப்புத் துணியும் நானே கட்டினேன். இருபத்திரண்டில் துணி இல்லை, இன்று முதலில் விழப்போவது அதுதான். பதினேழு என்று எழுதியது சரியா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் தெரிந்திருந்தது.

நேற்றுச் சாயங்காலம் நோட்டில் இருந்ததையெல்லாம் பெரிய தாளில் படமாக வரைந்தேன், கல்லூரிச் சுவரில் மாட்ட. நடுவில் ஒரு புள்ளி, அது நான். மேலே மலை. கேட்ட ஒவ்வொரு குரலுக்கும் கேட்ட திசையில் ஒரு பெருக்கல் குறி. குக்குறுவானுக்குப் பச்சை, மரங்கொத்திக்குச் சிவப்பு, செம்போத்துக்குக் கறுப்பு, ஆந்தைக்கு நீலம். மொத்தம் நாற்பத்து மூன்று. வரைந்து முடித்துவிட்டு, மை காயட்டும் என்று தள்ளி நின்று பார்த்தேன். நாற்பத்து மூன்றும் புள்ளிக்கு வலது பக்கம் கிடந்தன. இடது பக்கம் தாள் வெள்ளையாக இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன், நோட்டைத் திரும்பப் பார்த்தேன், வடக்கு, வடக்கு, வடகிழக்கு, வடக்கு. ஒரே தெருவில் ஒரு பக்கத்து வீடுகளுக்கு மட்டும் மழை பெய்யுமா? தெற்குப் பக்கத்துப் புளிய மரங்களில் பதினொரு நாளும் ஒரு பறவைகூடவா வாயைத் திறக்கவில்லை? பறவைகள் என்ன செய்யும், அவை நாலு பக்கமும்தான் கத்தின. என் தலைக்குள் வந்து சேரும்போது எல்லாம் வலது பக்கத்து வாசல் வழியாக வந்தன, ஏனென்றால் இடது பக்கத்து வாசல் மூடிக்கிடக்கிறது. கிறிஸ்துமசுக்கு முந்தின வாரத்திலிருந்து மூடிக்கிடக்கிறது. அது எனக்குத் தெரியும். அது இதைச் செய்யும் என்று மட்டும் தெரியவில்லை. தெரியாதா, தெரிந்தும் நினைக்கவில்லையா, இந்த இடத்தில்தான் நேற்றிலிருந்து மனம் முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நிற்கிறது.

மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். நான்காம் நாள் காலை தங்கச்சி போன் பண்ணினாள், வழக்கம்போல இடது காதில் வைத்தேன், ஒன்றும் இல்லை, வெட்டிவிட்டாள் என்று நினைத்து வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தாள், மறுபடியும் ஒன்றும் இல்லை. வலது காதுக்கு மாற்றியதும் அவள் பாதி வாக்கியத்தில் இருந்தாள், செத்தாயா இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குறும்பி அடைத்திருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி விட்டேன். நீர் கோத்திருக்கும் என்று ஆவி பிடித்தேன். மூன்று வாரம் கழித்துத் திருநெல்வேலிக்குப் போனபோது டாக்டர் என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துச் சத்தங்கள் விட்டுப் பார்த்தார், பிறகு, முதல் வாரமே வந்திருக்க வேண்டும் என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். நரம்பு. இனி வராது. இந்தக் காது, என்று நான் வலதைத் தொட்டேன். அது நன்றாக இருக்கிறது என்றார், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பத்திரமாக என்றால் எப்படி? அன்றிலிருந்து வலது காதைத் தலையணைமேல் வைத்துப் படுப்பதில்லை. ஒரு நாள் தூக்கத்தில் புரண்டு படுத்துவிட்டேன், விழித்தபோது உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, வாய்விட்டுக் கத்தினேன், என் சத்தமே மண்டைக்குள் மட்டும்தான் கேட்டது. தலையைத் தூக்கினேன், விசிறிச் சத்தம் வந்தது. டாக்டர் கொடுத்த தாளை, காதுக்கு ஒன்றாக இரண்டு கோடுகள், ஒன்று மேலே ஒன்று தரையில், நாலாக மடித்து ஆய்வுக்கூட அலமாரியில் பஞ்சடைத்த ஆந்தையின் பலகைக்கு அடியில் வைத்தேன். யாரும் அதைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. குரலைக் கேட்டுப் பறவையைச் சொல்கிறவள் என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள், வருஷா வருஷம் மலைக் கணக்கெடுப்புக்கு. பாதிக் காதுக்காரியை யார் கூப்பிடுவார்கள்?

அதோ. ஆறு இருபத்திரண்டு. ஆரம்பித்துவிட்டது. குவூ, என்று தணிவாக ஒன்று. நிறுத்தம். குவூ, குவூ. பிறகு இடைவெளி குறைந்து, குரல் கூடி, உருண்டு வருகிற கல் வேகம் பிடிப்பதுபோல வேகமாகி, உச்சத்தில் யாரோ வாயைப் பொத்தியதுபோலச் சட்டென்று நின்றுபோகும். நின்றுவிட்டது. காட்டுச் சிற்றாந்தை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இது எந்தக் காது என்பதைப் பொறுத்ததல்ல. ஊருக்குள் இருக்கிற புள்ளி ஆந்தை இப்படிக் கூப்பிடாது, அது சண்டைக்காரப் பிள்ளைகள் மாதிரிக் கீச்சுக்கீச்சென்று ஒன்றையொன்று திட்டும். கையில் கிடைத்தால் அதைவிட எளிது. இரண்டும் மைனா அளவு, இரண்டுக்கும் கொம்பு மாதிரிக் காதுச் சிறகு கிடையாது, உருண்டைத் தலை. புள்ளி ஆந்தையின் தலையில் அரிசி இறைத்ததுபோல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். காட்டுச் சிற்றாந்தையின் தலையில் புள்ளி இருக்காது, தலை, முதுகு, மார்பு எல்லாம் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள், கோரைப்பாய் மாதிரி. பஞ்சடைத்த ஆந்தையைக் காட்டி இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், கண்ணை நம்பாதீர்கள், யாரோ பழுப்புக் கண்ணாடிக் குண்டு வைத்துவிட்டான், உயிருள்ளதற்கு எலுமிச்சை மஞ்சள், கோட்டைப் பாருங்கள், கோடு பொய் சொல்லாது என்று. எந்த ஆந்தை என்று தெரியும். எங்கே என்று தெரியாது. வலது பக்கம் கேட்டது. வலது பக்கம்தான் கேட்கும். வாய்க்கால் தண்ணீர் எனக்கு நேர் கீழே ஓடுகிறது, அதுவும் வலது பக்கம் கேட்கிறது. இதை நான் மாசியிலேயே யோசித்திருக்க வேண்டும். காலடியில் ஓடுகிற தண்ணீர் வலது பக்கம் கேட்டால் என்ன அர்த்தம் என்று.

எழுந்து திரும்பி உட்கார்கிறேன். மலைக்கு முதுகு. இப்போது வலது கைப்பக்கம் இருபத்திரண்டாம் மரம். வெயில் கண்ணில் நேராக அடிக்கிறது, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். ஆறு முப்பத்தொன்று. மறுபடியும். குவூ. குவூ, குவூ. இப்போது இருபத்திரண்டிலிருந்து கேட்கிறது, அந்தப் பொந்துக்குள்ளிருந்தே வருகிறது என்று சத்தியம் பண்ணலாம் போல, பதினேழுக்காக மாசியில் பண்ணிய அதே சத்தியம். திரும்பினால் ஆந்தையும் திரும்புகிறது. கையில் விளக்கை வைத்துக்கொண்டு இருட்டைத் தேடுகிற கதை. சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்துச் சொல்லலாமே என்று பார்த்தால், கீச்சுக் குரல் என்றால் தலை மறைக்கும், குறைவாகக் கேட்கும், இந்தக் குரல் தணிந்த குரல், தலையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். கூகையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், அதற்கு ஒரு காது மேலே, ஒரு காது கீழே, அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துக் கும்மிருட்டில் வைக்கோலுக்கடியில் ஓடும் எலியைப் பிடிக்கும் என்று. இரண்டு காது எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டான், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டுமே என்றுதானே டீச்சர் என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்போது இரண்டும் இருந்தன. காட்டுச் சிற்றாந்தைக்குக் காதில் அந்த வித்தை இல்லை. அது பகலிலும் வேட்டையாடுகிற ஆந்தை, விடியலிலும் அந்தியிலும் மும்முரமாக, மேகம் போட்டால் நடுப்பகலில்கூட. கண்ணை நம்பிப் பிழைக்கிற ஆந்தை. நானும் இன்றைக்குக் கண்ணைத்தான் நம்பி வந்தேன். நேற்றே தவசிக்கனிக்குப் போன் பண்ணியிருக்கலாம், நாளைக்கு இருபத்திரண்டைத் தொடாதீர்கள் என்று. போனை எடுத்தேன். ஏன் டீச்சர் என்று கேட்பார். போனைத் திரும்ப வைத்துவிட்டேன். காலையில் பார்த்துவிட்டால் ஒருவேளை பதினேழாகவே இருக்கும், தவறான வழியில் போய்ச் சரியான ஊருக்கு வந்த மாதிரி, யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒருவேளையின் மேல்தான் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்கிறேன், சுவரின் மேல் அல்ல.

பதினேழுக்கும் சாட்சி இருந்ததே. அதன் அடியில் உருண்டைகள் பொறுக்கினேன், ஏழு. ஆந்தை இரையை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காததை உருட்டிக் கக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் வண்டின் ஓடு, வெட்டுக்கிளியின் கால், பல்லியின் தாடை. சின்னப் போத்தலில் போட்டு அதிகாரியின் மேசையில் வைத்தேன், அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, போதும் அம்மா, நம்புகிறேன் என்றார். அந்த ஏழு உருண்டையும் காதால் வந்ததல்ல, கண்ணால் வந்தது. ஆனால் கண்ணைப் பதினேழுக்கு அடியில் கொண்டுபோனது எது? காதுதான். இருபத்திரண்டுக்கு அடியில் நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது போய்ப் பார்க்கலாம் என்றால் போன வாரமே அதன் அடியில் ஜல்லி கொட்டிவிட்டார்கள். மேலும் உருண்டை கிடக்கிற இடம் ஆண் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம், கூடு இருக்கிற இடமாக இருக்க வேண்டியதில்லை. பெட்டை முட்டையின்மேல் உட்கார்ந்த பிறகு வெளியே வருவது குறைவு. ஆண்தான் பிடித்துக்கொண்டு போய்க் கொடுக்கும். கடையில் தின்றுவிட்டு வீட்டுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவன் மாதிரி. அப்படியானால், மணி ஆறு நாற்பது ஆகப்போகிறது, ஆண் இரையோடு பறப்பதைப் பார்த்தால் போதும். எந்தப் பொந்துக்குப் போகிறதோ அது.

கொண்டைக்குருவிகள். எங்கேயோ இரண்டு, மூன்று, பதறிப் பதறிக் கத்துகின்றன. வலது பக்கம், ஆமாம், அதை விடு, கண்ணால் தேடு. பாம்பு அல்லது ஆந்தை. பகலில் ஆந்தையைக் கண்டால் சின்னப் பறவைகள் சும்மா இருக்காது, கூட்டம் கூட்டி வைது விரட்டப் பார்க்கும். எல்லா அலகும் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கே ஆந்தை இருக்கும், இதற்குக் காதே வேண்டாம். ஒரு கரிச்சான் புளிய மரத்துக்குள் பாய்ந்து வெளியே வருகிறது, மறுபடியும் பாய்கிறது. பத்தொன்பதாம் மரம். பைனாகுலரை எடுக்கிறேன், முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்கிறேன். இலை, இலை, கிளை, காய்ந்த புளியங்காய், கிளையோடு ஒட்டிய ஒரு முண்டு. முண்டுக்கு இரண்டு மஞ்சள் கண். தலையில் கோடு. கோடு, கோடு, கோடு, புள்ளி இல்லை. நீதான். வலது காலடியில் ஒரு ஓணான் குட்டியை அமுக்கி வைத்திருக்கிறது, வால் இன்னும் துடிக்கிறது. கரிச்சான் தலைமேல் உரசிக்கொண்டு போகிறது, அது கண்ணை ஒரு தரம் மூடித் திறக்கிறது, வேறு அசைவில்லை. ஆளைக் கண்டால் அசையாமல் முண்டாகிவிடுவது இதன் வழக்கம், தலையை மட்டும் எண்ணெய் போட்ட கதவு மாதிரி மெதுவாகத் திருப்பும். திருப்புகிறது. என்னைப் பார்க்கிறது. தின்னவில்லை, அப்படியானால் இது பொட்டலம், வீட்டுக்குப் போகிறது. போ. இமைக்க மாட்டேன். கண்ணில் நீர் கட்டுகிறது, துடைக்க மாட்டேன். குனிந்து ஓணானை அலகில் எடுக்கிறது. வடக்கே என்றால் பதினேழு, தெற்கே என்றால் இருபத்திரண்டு, நான் பிழைத்தேனா இல்லையா என்பது இந்த ஒரு பறத்தலில் இருக்கிறது. பிழைத்தேனா என்றா நினைத்தேன்? பிழைக்க வேண்டியது நானா? உடம்பைத் தாழ்த்துகிறது, இறக்கையைத் தளர்த்துகிறது.

இடது தோளில் ஒரு கை விழுந்தது. அலறிக்கொண்டு திரும்பினேன், பைனாகுலர் மார்பில் இடித்தது. சொரிமுத்து. மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிறவன், தோளில் கயிறு, இடுப்பில் அரிவாள். அவனுக்குப் பின்னால் லாரி நின்றது, அவ்வளவு பெரிய லாரி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், எப்போது வந்தது? தண்ணீர்ச் சத்தம் என்று நினைத்தது இதையா? எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேன் என்று சொரிமுத்து சொல்லிக்கொண்டிருந்தான். நான் பத்தொன்பதாம் மரத்தைப் பார்த்தேன். முண்டு இல்லை. கரிச்சான் உச்சிக் கொப்பில் உட்கார்ந்து, வேலை முடிந்தவன் மாதிரி இறகு கோதிக்கொண்டிருந்தது. வடக்கே ஒன்றும் இல்லை, தெற்கே ஒன்றும் இல்லை. நீ பார்த்தாயா, ஒரு பறவை, சின்னது, இப்போது பறந்ததே என்று கேட்டேன். உங்களைத்தானே பார்த்துக்கொண்டு வந்தேன் என்றான்.

தவசிக்கனி வெற்றிலையை மென்றபடி வந்தார். என்ன டீச்சர், ஆந்தைக்குக் காவலா, அதுதான் துணி கட்டியாச்சே, அது நிம்மதியாகத் தூங்குகிறது, நீங்கள்தான் தூங்கவில்லை போல என்றார். ஆட்கள் சிரித்தார்கள். டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவர் இருபத்திரண்டுக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். அதன் அடியில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, சொரிமுத்துவைப் பார்த்து ஏறச் சொன்னார். முதலில் பொந்துக்கு மேலே இருக்கிற பெரிய கொப்பு, பிறகு தலை, பிறகு ரம்பம். சொரிமுத்து கயிற்றை வீசினான், முதல் வீச்சு விழுந்துவிட்டது. இப்போது சொல்ல வேண்டும். என்ன சொல்ல? இதுவும் இருக்கட்டும் என்றால், ஒரு மரம் என்றால் ஒரு மரம்தான் என்பார், அது எனக்கே தெரியும். பதினேழு இல்லை இருபத்திரண்டு என்றால், ஏன் என்பார். இருபத்திரண்டு இல்லாமல் பதினேழாகவே இருந்து, நான் துணியை மாற்றிவிட்டால்? அப்போது என் கையாலேயே கூட்டைக் கொடுத்த மாதிரி. தெரியாமல் மாற்றுவது மாற்றாமல் இருப்பதைவிட மோசம். ஆகவே பேசாமல் இருப்பதுதான் நியாயம், பார், மனம் எவ்வளவு சீக்கிரம் நியாயத்தைக் கண்டுபிடிக்கிறது, வடக்கு வடக்கு என்று பதினொரு நாள் கண்டுபிடித்த மாதிரி. இரண்டாம் வீச்சில் கயிறு கொப்பில் மாட்டிக்கொண்டது. சொரிமுத்து இழுத்துப் பார்த்தான். அந்தப் பொந்துக்குள் ஒருத்தி இருந்தால் இப்போது அந்தக் கயிறு அவள் வாசலில் ஆடும். எழுந்து பறந்து காட்டுவாளா? மாட்டாள். அசையாமல் முண்டாக இருப்பாள், அதுதான் அவளுக்குத் தெரிந்த வழி, மரம் விழும்வரை அசையாமல் இருப்பாள். நானும் அப்படித்தான் டிசம்பரிலிருந்து இருக்கிறேன்.

குவூ. லாரி இன்ஜினை நிறுத்தியிருந்தார்கள், நன்றாகக் கேட்டது. வலது பக்கம். குவூ, குவூ. இது நிற்பதற்கு இன்னும் பத்து எண்ணும் நேரம்தான் இருக்கிறது, வேகம் பிடித்துவிட்டால் முடிந்துவிடும், பிறகு எப்போது கூப்பிடுமோ. என் காதால் ஆகாது. இங்கே பதினான்கு காதுகள் நிற்கின்றன. நான் சொரிமுத்துவின் கையைப் பிடித்தேன்.

“சொரிமுத்து, எனக்கு இடது காது கேக்காது. அந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லு.”

அவன் என்னைப் பார்த்தான், பிறகு வாயை லேசாகத் திறந்து, மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டான். சத்தம் உச்சிக்குப் போய்ச் சட்டென்று நின்றது. அவன் கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது. இருபத்திரண்டைக் காட்டியது.

“நல்லாக் கேட்டியா?”

“இந்தா தலைக்கு மேலல்லா கத்துது” என்றான். பிறகு, “கேக்காதா?” என்றான். “மாசியிலேருந்து இந்தப் பக்கமா வந்து வந்து வணக்கம் சொல்லுதேன், யக்கா திரும்பிக்கூடப் பாக்கல. சரி, காலேஜ்ல வேல பாக்குதவுக, நம்மகிட்ட எல்லாம் பேசுவாகளான்னு விட்டுட்டேன்.”

தவசிக்கனி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். நான் அவரிடமும் சொன்னேன், இரண்டாம் தடவை சொல்லும்போது அதே வாக்கியம் சின்னதாக இருந்தது. நீங்கள்தானே பதினேழு என்று எழுதிக் கொடுத்தீர்கள் என்றார். ஆமாம், தப்பாக எழுதினேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதிகாரிக்குப் போன் போட்டார், கொஞ்ச நேரம் தள்ளிப்போய்ப் பேசினார், திரும்பிவந்து, ஒரு மரம் என்றால் ஒரு மரம்தானாம், எண்ணை மாற்றலாமாம், ஆனால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம் என்றார். காரணத்தை எழுத வேண்டும். அந்தத் தாள் கோப்பில் போகும், கல்லூரிக்கு ஒரு நகல் வரும், மலைக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கிறவர் படிப்பார். நோட்டைத் திறந்தேன். அதற்கு முன்னால் ஒன்று, குரல் கொடுத்தது ஆணாக இருக்கும், சும்மா வந்து உட்கார்ந்திருக்கலாம், ஒரு காதை நம்பிச் செய்த தப்பை இரண்டு காதை நம்பிச் செய்யக் கூடாது. சொரிமுத்துவிடம், பக்கத்துப் புளியில் ஏறி, அதைத் தொடாமல், தள்ளி நின்று பொந்துக்குள் பார்க்க முடியுமா என்று கேட்டேன். தலையில் புள்ளியா, கோடா, அதைப் பார் என்றேன்.

அவன் அரிவாளைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறினான். நான் எழுதினேன். எனது இடது காது கேளாமையால் திசை தவறாகக் குறிக்கப்பட்டது. எழுதிப் பார்த்தால் ஒரே வரி. இதற்கா நாலு மாதம்? மேலே கொப்பு அசைந்தது, பழுத்த இலைகள் உதிர்ந்தன. அவன் ஒரு கொப்பில் வயிற்றால் படுத்துக் கழுத்தை நீட்டினான். வெகுநேரம் அப்படியே கிடந்தான். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், யாரும் பேசவில்லை, அல்லது இடது பக்கம் யாராவது பேசியிருக்கலாம். பிறகு இறங்கினான், மேலிருந்தே கத்தாமல், அவசரப்படாமல். இறங்கி என்னை நோக்கி வந்தான், இடது பக்கமாகத்தான் வந்தான், வந்தவன் பாதியில் நின்று, என் முதுகைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றான்.

“இருக்கு யக்கா. அடைகாக்குத கோழி மாதிரி உக்காந்திருக்கு. வாசல்ல ஓணான் கெடக்கு, அதக்கூடத் தொடல. என்னையே பாக்குது, அசைய மாட்டேங்குது. தலையில கோடுதான். புள்ளி இல்ல.”

பதினேழையும் பார்த்துவிடு என்றேன். பார்த்தான். மைனா வைத்த பழைய குப்பையும் ஒரு பாலிதீன் துண்டும் என்றான். தவசிக்கனி என் தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், பட்டனையும் போட்டுக்கொண்டார். அப்படியானால் அதை வெட்டுகிறேன் என்று பதினேழைக் காட்டினார். இரண்டில் அதுதான் பெரிய மரம், அதன் கொப்பில்தான் ஆண் உட்கார்ந்து தின்னும், இனி வேறு கொப்பு தேடட்டும், தேடுமா என்று எனக்குத் தெரியாது, தேடும் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்ல மாட்டேன். அறுபது தப்படி நடந்து போனேன். சிவப்புத் துணியை அவிழ்க்க வரவில்லை. மழைக்கும் காற்றுக்கும் அவிழக் கூடாது என்று நானே மூன்று முடிச்சுப் போட்டு, நனைத்து இறுக்கியிருந்தேன். நகம் ஒடிந்தது. பல்லால் கடித்து இழுத்தேன், மருதம்பட்டையின் துவர்ப்பு நாக்கில் ஒட்டியது. கடைசி முடிச்சு விடும்போது மோட்டார் ரம்பத்தின் கயிற்றை இழுத்துக் கிளப்பினார்கள். வலது பக்கம் கேட்டது. நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கேதான் நின்றார்கள், ரம்பத்தைத் தரையில் வைத்துக்கொண்டு, நான் விலகட்டும் என்று.